ஆற்காட்டுக்குக் கடன்

முதல் ஆட்டத்தில் நான் செய்த தப்பு, படையெடுத்தது.
பன்னிரண்டு கப்பல், நாலாயிரம் சிப்பாய்.
கரையேறிய ஏழாம் மாதம்
வயிற்றுப்போக்கில் பாதிப் பேர் காலி,
சம்பளம் கேட்டு மீதிப் பேர் எதிர்ப்பக்கம்.

இரண்டாவதில் கண்ட இடத்திலெல்லாம் கிடங்கு கட்டினேன்.
சரக்கில்லாத ஊரில் கிடங்கு எதற்கு?
எலிக்குத்தான் லாபம்.

மூன்றாவதில் புரிந்தது:
கடலோரம் ஒரு கை மணல் போதும்.
ஒரு கொடிக்கம்பம், ஒரு தராசு, ஒரு கணக்குப்பிள்ளை.
நெய்கிறவனுக்கு முன்பணம் கொடு,
வாங்கியவன் வேறு யாருக்கும் நெய்ய மாட்டான்.
கப்பலைச் சண்டைக்கு அனுப்பாதே,
சரக்கு போகிற பாதையில் சும்மா நிறுத்தி வை.
கஜானாவில் ஆறு மாதச் சம்பளம் எப்போதும் மிச்சமிருக்கட்டும்.
உள்நாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே,
அழைக்கிற வரைக்கும்.

அழைப்பார்கள்.

நாலாவது ஆட்டத்தில் அழைத்தது இம்தியாஸ்.
மேல்விஷாரத்துக்காரன்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் எனக்கு அடுத்த மேசை;
நான் ஏற்றுமதி பில், அவன் கெமிக்கல் ஸ்டோர்.
ராத்திரி பத்து மணிக்கு மேல், அவனவன் வீட்டில், ஹெட்போனோடு.
உலகத்தில் எந்த நாட்டையும் எடுக்கலாம் என்று
பட்டியல் விரிந்து நின்றபோது
ஆற்காட்டை எடுத்தான்.
"இன்னாடா, வரியே மூணு காசுதான் வருது."
"நம்ம ஊருடா."

அந்த வரைபடத்தில் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது.
கரைக்குக் கரை நீலம்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
எதையும் அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவனுக்கு அரண்மனை கட்டவேண்டியிருந்தது.
பிறகு பீரங்கி. செஞ்சிக்காரனோடு எல்லைத் தகராறு.
கடன் கேட்டான், கொடுத்தேன்.
வட்டி பன்னிரண்டு.
புதிதாக ஆட வருகிறவர்கள் கோட்டையைப் பிடிக்கத் துடிப்பார்கள்;
கோட்டைக்காரனுக்குக் கடன் கொடுங்கள்,
சாவியை அவனே எடுத்துவந்து நீட்டுவான்.

முதல் தவணை தவறியபோது ஆரணி வரிவசூல் என்னிடம் வந்தது.
அடுத்து போளூர்.
வேலூரையும் எழுதிக் கொடுத்துவிட்டு
"அகழியையாவது விட்டுடுடா, மொதலைங்க பாவம்" என்றான்,
சிரித்தபடியேதான் சொன்னான்.
ஒரு குண்டுகூட நான் சுடவில்லை.
என் பெயருக்குப் பக்கத்தில் பொன்னெழுத்தில் வந்தது:
தலைசிறந்த வணிகர்.

இனி செலவைக் குறைக்கவேண்டியதுதான் பாக்கி.
சிப்பாய்ப் படியில் பாதியை வெட்டினேன்.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வேலூர் சிவந்தது:
உங்கள் கோட்டையில் உங்கள் படையே உங்களைச் சுடுகிறது.
மூன்று பொத்தான்: அடக்கு, பேசு, விலகு.
காதில் இம்தியாஸ் விசிலடித்தான்,
ஒரு சர்க்கார் பாக்கியில்லாதவன்,
"என் ஆளுங்கடா! என் ஆளுங்க!"

பேசு என்றால் நானூறு பொன்.
அடக்கு என்றால் அறுபது.
அறுபதை அழுத்தினேன்.
பதினொரு நொடியில் வேலூர் பழைய நிறத்துக்குத் திரும்பியது.
அவன் எதுவும் சொல்லவில்லை.
அவன் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் மேசையில் மிலான் மெயில்.
சதுர அடிக்கு எட்டு சென்ட் குறைத்தால்தான் அடுத்த ஆர்டர்;
முன்பணம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதை
அன்போடு நினைவூட்டுகிறார்களாம்.
இரண்டு தரம் படித்தேன்.
நன்றாக ஆடுகிறான் அந்த ஆள்.
எங்கள் மேனேஜர் சரி என்று பதில் போடச் சொன்னார், போட்டேன்.

டீ நேரத்தில் இம்தியாஸ் வந்து நின்றான்.
வண்டி செயின் அறுந்துவிட்டது,
ரெண்டாயிரம் இருக்குமா, சம்பளத்தன்று தருகிறேன்.
எந்த ஊர் என்று நுனிநாக்கு வரை வந்தது.
"இருக்கு," என்றேன். "வட்டியெல்லாம் கிடையாது."

எண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.
நம்பின மாதிரி தெரியவில்லை.